"மெசின் நல்லம், மோனை"

யாழ்ப்பாணத்தில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டால் வரக்கூடிய பதில்கள் மொத்தம் மூன்று. "இருக்கிறன்." "ஏதோ இருக்கிறன்." "பரவாயில்லை." நாரிப்பிடிப்பு, சீனி வருத்தம், வெளிநாட்டு மகன் மூன்று மாதமாகக் கதைக்காதது, நேற்றுப் படியில் தடக்கி விழுந்தது எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும். யார் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள், பக்கத்தில் மருமகள் நிற்கிறாவா இல்லையா என்பதைப் பொறுத்து அதே "பரவாயில்லை"யின் கருத்து மாறும். இது எங்களுக்கு யாரும் படிப்பித்ததில்லை, இதுக்குள்ளேயே வளர்ந்ததால் தெரியும்.

அதே மனிசரிடம் ஒரு தாளை நீட்டி, உங்கள் காது மெசின் கடந்த இரண்டு கிழமையில் எவ்வளவு உதவியது, ஐந்தில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள் என்று கேட்டால் என்ன நடக்கும்?

நாங்கள் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் என்றால் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற மூன்று பேர். மருத்துவமும் தெரியாது, ஒலியைப் பற்றிய விஞ்ஞானமும் தெரியாது. ஆங்கிலத்தில் இருக்கிற ஏதாவதொரு வினாக்கொத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து, ஊரில் சிலருக்கு வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் சிக்குகிறது என்று எழுதவேண்டும். இதுதான் எங்களுக்குத் தந்த வேலை. எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் காது மெசின் இருந்தபடியால் அந்தத் தலைப்பை எடுத்தோம். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை.

காதைச் சோதிக்கிற இடத்தில் சத்தம் புகாத ஒரு அறைக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டி, "பீப்" கேட்கும்போது பொத்தானை அமத்தச் சொல்வார்கள். எந்தச் சுருதியில் எத்தனை டெசிபெல் குறைகிறது என்று ஒரு கோடு வரும். அந்தக் கோடு பொய் சொல்லாது. ஆனால் அந்த அறைக்குள் ஃபான் ஓடுவதில்லை, நாலு பேர் ஒரே நேரத்தில் கதைப்பதில்லை, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி இல்லை. மெசினைக் கொண்டுபோன ஆள் வீட்டில் அதைப் போடுகிறாரா என்பதும் கோட்டுக்குத் தெரியாது. ஆகவே ஆளிடமே கேட்போம் என்று தொடங்கியதுதான் இந்த வினாக்கொத்து வேலை.

1982 இல் அமெரிக்காவில் வென்ட்ரி, வைன்ஸ்டைன் என்ற இருவர் முதியவர்களுக்கென்று 25 கேள்விகள் கொண்ட ஒன்றைச் செய்தார்கள். காது கேளாமையால் புது ஆட்களைச் சந்திக்கக் கூச்சமா, வீட்டில் வாய்த்தர்க்கம் வருகிறதா, வழிபாட்டுக்குப் போவது குறைந்துவிட்டதா என்று போகும். "ஓம்" என்றால் 4 புள்ளி, "சிலவேளை" என்றால் 2, "இல்லை" என்றால் 0. நூறுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கஷ்டம். மெசின் போட முதல் ஒருக்கா, போட்ட பிறகு ஒருக்கா கேட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். 1995 இல் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் ரொபின் கொக்ஸும் அலெக்சாண்டரும் 24 கேள்விகள் கொண்ட இன்னொன்றைச் செய்தார்கள். அது மெசினால் வரும் பயனை அளப்பதற்கு. 1999 இல் அதே இருவரும் திருப்தியை மட்டும் தனியாக அளக்க 15 கேள்விகள் கொண்ட ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பயன் வேறு, திருப்தி வேறு என்று அவர்கள் அப்போதே பிரித்துவைத்தது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

நாங்கள் எடுத்தது இவற்றில் ஒன்றுமில்லை. 1999 இல் டென்மார்க்கில் எரிக்ஸ்ஹோம் என்ற இடத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, எந்த நாட்டு ஆய்வோடும் ஒட்டிவிடக்கூடிய மாதிரிச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று யோசித்ததில் பிறந்தது அது. மொத்தம் ஏழே ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. நாளுக்கு எத்தனை மணித்தியாலம் போடுகிறீர்கள், எவ்வளவு உதவியது, இன்னும் எவ்வளவு கஷ்டம் மிச்சம், இந்தப் பாடு படுவதற்குப் பெறுமதியா, உங்கள் அலுவல்களை இன்னும் பாதிக்கிறதா, மற்றவர்களுக்கு உங்களால் எவ்வளவு தொல்லை, வாழ்க்கையின் சந்தோசம் எவ்வளவு மாறியது. பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. ஏழு கேள்விதானே, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று இருந்தோம்.

முதல் கேள்வியிலேயே ஒரு ஆச்சி எங்களை நிறுத்தினா. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்க, "ஒரு மணித்தியாலமும் வராது, பிள்ளை" என்றா. தாளில் அது இரண்டாம் புள்ளி. கிட்டத்தட்ட மெசின் தோல்வி என்பது மாதிரி. ஏன் போடுறியள் இல்லை என்று சும்மா கேட்டோம். "பற்றரி முடிஞ்சிடுமே."

அவவின் மெசினுக்குப் போடுவது பொத்தான் மாதிரி இருக்கிற சின்னப் பற்றரி. ஒட்டியிருக்கிற துண்டை உரித்தவுடன் காற்றுப் பட்டு வேலைசெய்யத் தொடங்கும். பிறகு மெசினை நிறுத்திவைத்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் போகும். ஆகப் பொத்திப் பொத்தி வைப்பதில் பெரிய மிச்சம் இல்லை. ஆனால் இதை ஆச்சிக்குச் சொல்லி வெல்ல ஏலாது. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது தடைசெய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை அது. பற்றரி என்றால் எண்ணி எண்ணிப் பாவிக்கவேண்டிய சாமான் என்று முப்பது வருடத்துக்கு முன்னமே உடம்பில் ஏறிவிட்டது. ஆச்சி சனிக்கிழமை பின்னேரம் லண்டனில் இருந்து பேத்தி எடுக்கும்போது மட்டும் மெசினைப் போடுவா. அந்த நாற்பது நிமிசத்தில் ஒரு சொல்லும் தவறாது. அந்த மெசின் தோல்வியா?

மற்றப் பக்கமும் உண்டு. எங்கள் கூட்டாளியின் அம்மம்மா "நாலு மணித்தியாலம், அஞ்சு மணித்தியாலம் போடுவன்" என்றா. நாலாம் புள்ளி போட்டோம். மெசின் இருந்தது அலுமாரி லாச்சிக்குள், அது வந்த பெட்டியோடு, லேஞ்சியில் சுற்றி. இது யாழ்ப்பாணத்து விசயம் மட்டுமில்லை என்பதையும் சொல்லவேண்டும். இப்போதைய மெசின்கள் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று தாங்களே பதிந்துவைக்கும். அந்தப் பதிவோடு ஆட்கள் வாயால் சொல்லும் மணித்தியாலத்தை ஒப்பிட்டுப் பார்த்த வெளிநாட்டு ஆய்வுகளிலும் வாய்க்கணக்குத்தான் கூட வருகிறது.

நாலாவது கேள்வியில்தான் கனநாள் கிடந்தோம். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் இந்தச் சிரமத்துக்கு இந்தக் கருவி தகுமா என்பது அதன் கருத்து. "சிரமத்துக்குத் தகுமா" என்று வாசித்தால் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழில் இதுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கரைச்சல். "இவ்வளவு கரைச்சல் பட்டு உதைப் போடுறது பிரயோசனமோ?" என்று கேட்க, எல்லாருக்கும் உடனே விளங்கியது. விளங்கியதும் பதில் வேறு திசைக்குப் போனது.

"என்ரை கரைச்சலை விடு மோனை. அவள் அங்கை ரெண்டு வேலை செய்து அனுப்பினவள். பிரயோசனம் இல்லையெண்டு சொல்லேலுமே? மெசின் நல்லம்."

ஐந்துக்கு ஐந்து.

இந்த "நல்லம்" மெசினைப் பற்றினது இல்லை, மகளைப் பற்றினது. குறை சொன்னால் அது ரொரன்ரோவில் குளிருக்குள் வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சொன்ன குறையாகிவிடும். இலவசமாகக் கொடுக்கிற இடத்திலும் இதுதான் கதை. நாங்கள் சந்தித்த ஒரு ஐயாவுக்கு ஒரு மண்டபத்தில் வைத்து மெசின் கொடுத்திருக்கிறார்கள். காதில் மாட்டி, படம் எடுத்து, அதே கதிரையில் வைத்துத் திருப்தியா என்ற தாளையும் நிரப்பி வாங்கியிருக்கிறார்கள். "தேத்தண்ணியும் தந்து, வாகனத்திலை கொண்டுவந்தும் விட்ட ஆக்களிட்டை என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது, தம்பி?" என்றார். தாளை நிரப்பினது யார் என்று கேட்டோம். மெசின் தந்தவர்களே வாசித்து, அவர்களே கோடு கீறினார்களாம்.

கொடுத்தவரே கேட்டால் வரும் பதில் நன்றிதான். அதைப் புள்ளியாக்கினால் நன்றியின் அளவு தெரியும், காதின் அளவு தெரியாது. இதில் எங்கள் ஆட்களின் பண்பு மட்டும் குற்றவாளி இல்லை. 2011 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே மெசினைத்தான் இரண்டு தரம் கொடுத்தார்கள், ஆனால் ஒன்றைப் "புதுசு" என்றும் மற்றதை "வழமையானது" என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் புதுசுதான் பிடித்தது. 2017 இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஹியூம்ஸ் என்பவரின் குழு ஒரு பகுதியினருக்குச் சத்தத்தைக் கூட்டாமல் வந்தபடியே உள்ளே விடுகிற போலி மெசினைக் கொடுத்துப் பார்த்தது. அந்தப் போலி மெசினையும் முடிவில் வாங்கி வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். உண்மையான மெசினை நிபுணர்கள் பொருத்திவிட்டவர்களில் அது ஐந்தில் நாலு பங்கு. ஆகவே மெசினில் பயன் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் "திருப்தி" என்ற சொல்லில் ஒரு பகுதி, மெசின் ஒன்றுமே செய்யாவிட்டாலும் வந்துவிடும்.

ஆறாவது கேள்வி, மற்றவர்களுக்கு உங்களால் எவ்வளவு தொல்லை என்பது. இதை மருமகள் நிற்கும்போது கேட்கக்கூடாது. வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

மொழியால் வந்த சிக்கலும் ஒன்று இருந்தது. தமிழில் "கேள்" என்றால் காதால் கேட்பதும் அதுதான், கேள்வி கேட்பதும் அதுதான், சொல்வழி கேட்பதும் அதுதான். "இப்ப நல்லாக் கேக்குதோ?" என்று நாங்கள் கேட்க, ஒரு தாத்தா, "நான் ஆரையும் ஒண்டும் கேக்கிறேல்லை, தம்பி, தந்ததைச் சாப்பிடுறன்" என்றார். சிரித்தோம், அவரும் சிரித்தார். முக்கியமான வித்தியாசத்தை அவர்களே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்: "சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை." இதைக் கிட்டத்தட்ட எல்லாருமே சொன்னார்கள். வயதோடு வரும் காது மந்தத்தில் முதலில் போவது மேல் சுருதி. ஆ, ஓ, ஊ மாதிரி உயிரெழுத்துகள் பெரும்பாலும் தப்பிவிடும், ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகள் கரைந்துபோகும். "பால்" என்றதும் "கால்" என்றதும் ஒன்றாகிவிடும். அதனால்தான் "கத்தாதை, விளங்கக் கதை" என்கிறார்கள். கத்தினால் உயிரெழுத்துத்தான் பெருக்கும். ஆனால் வினாக்கொத்தில் "கேட்டல்" என்று ஒரே சொல்தான். நாங்கள் தமிழாக்கும்போது அதை இரண்டாகப் பிரித்து, கேட்கிறதா, விளங்குகிறதா என்று கேட்க விரும்பினோம். அப்படிச் செய்தால் அது அந்த வினாக்கொத்து இல்லை, வேறொன்று, வேறு நாட்டோடு ஒப்பிட ஏலாது என்று விரிவுரையாளர் சொன்னா. அது சரிதான். ஆனாலும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய வினாக்கொத்துகளில் இது இன்னும் மோசம். உறவினரோடு சாப்பாட்டுக்கடைக்குப் போகும்போது கஷ்டமா என்று ஒரு கேள்வி. புகை வந்தால் அடிக்கிற அலாரம் திடீரென்று அடித்தால் தாங்க ஏலாமல் இருக்கிறதா என்று இன்னொன்று. வரணியில் ஒரு அப்புவிடம் இதை எப்படிக் கேட்பது? சாப்பாட்டுக்கடையைக் கலியாணவீட்டுப் பந்தியாக மாற்றலாம். அலாரத்துக்குப் பதிலாக நாங்கள் கோயில் வெடியைப் போட்டு ஒருவரிடம் கேட்டுப் பார்த்தோம். அவருக்கு ஒரு பக்கக் காது ஷெல் விழுந்த அன்றைக்கே போனது. "வெடிச்சத்தம் இப்ப அவ்வளவு கேக்காது. அது ஒரு நிம்மதி" என்றார். அடுத்த கேள்விக்குப் போக எங்களுக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. அவருடைய பதிலைப் போட அந்தத் தாளில் கட்டம் இல்லை.

(பிறப்பிலிருந்தே கேளாமல், சைகைமொழியில் வளர்ந்தவர்களை இந்தக் கட்டுரைக்குள் இழுக்கவில்லை. கைதடி நவீல்ட் பாடசாலைப் பக்கம் போய் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் கையால் கதைக்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, அவர்களின் வாழ்க்கையை மெசின் மணித்தியாலத்தால் அளக்க மனம் வராது.)

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வினாக்கொத்தே வேண்டாம் என்று முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, காது மெசினால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பாவிப்பவர்கள் 17 வீதம் மட்டும். மெசின் கிடைத்த அந்தக் கொஞ்சப் பேரும் அதை லாச்சிக்குள் வைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஏதோ ஒரு வழி வேண்டும். எங்களுக்குப் பிடித்தது 1997 இல் அவுஸ்திரேலியாவில் டிலனும் கூட்டாளிகளும் செய்த ஒரு முறை. அதில் ஆயத்தக் கேள்வியே இல்லை. மெசின் கொடுக்க முதல், எந்த எந்த இடத்தில் உங்களுக்குக் கேட்கவேண்டும் என்று ஆளிடமே கேட்டு, ஐந்து விசயம் வரை அவர் சொன்னபடி எழுதிவைப்பார்கள். பிறகு அந்த ஐந்தையும் திருப்பி வாசித்து, எவ்வளவு முன்னேற்றம் என்று கேட்பார்கள். புகை அலாரம் தானாகவே போய்விடும்.

நாங்கள் அதை வைத்து இரண்டாம் சுற்றுப் போனோம். "என்னத்தைக் கேக்க விருப்பம்?" என்ற ஒரே கேள்வி. முன்பு "பரவாயில்லை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவர்கள் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். றேடியோவில் மரண அறிவித்தல். குருக்கள் அர்ச்சனையில் தன் பேரைச் சரியாகச் சொல்கிறாரா என்பது. மழை தொடங்குவது, காயப்போட்ட மிளகாய் நனைந்துவிடுமே. பேரன் ரியூசனால் வந்து சைக்கிளைச் சாத்துகிற சத்தம். ஒரு பெரியம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, செத்தவீட்டில் மற்றவர்கள் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று விளங்கவேண்டும் என்றா. தான் பிழையான இடத்தில் அழுதுவிடுகிறேனோ என்று பயமாம்.

கூட்டாளியின் அம்மம்மா சொன்னது படலை. மத்தியானத்தில் அவ தனியத்தான் வீட்டில். ஆரும் படலையைத் திறந்து வந்தால் முற்றத்துக்கு வந்து நிற்கும்வரை தெரியாது. முதல்முறை ஏழு கேள்விக்கும் சேர்த்து 35க்கு 31 எடுத்தவ. பக்கத்தில் மகள், அதாவது கூட்டாளியின் அம்மா, நின்றா. கனடாவில் இருக்கிற சின்னமகளுக்கும் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தா. இந்தமுறை தனிய இருந்தா. "அப்ப மத்தியானத்திலை மெசினைப் போட்டால் என்ன, அம்மம்மா?" என்று கேட்டோம்.

"அது கூவும், மோனை. காதுக்கை வண்டு பூந்த மாதிரிக் கூவும். கழட்டிப்போட்டால்தான் நித்திரை வரும்."

எத்தனை நாளாக? வந்த கிழமையிலிருந்து. பதினொரு மாதம்.

காதுக்குள் வைக்கிற அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் வெளியே கசிகிற சத்தத்தை மெசின் திரும்ப வாங்கிப் பெருக்கும், அதுதான் கூவல். காதில் குடுமி அடைத்திருந்தாலும் வரும். திருத்தக்கூடிய விசயம். ஆனால் 35க்கு 31 எடுத்த ஆளை யாரும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள். இதுதான் எங்களை உறுத்தியது. குறைந்த புள்ளி எடுத்தவருக்காவது ஒரு திகதி கிடைக்கும். மரியாதைக்காக நல்ல புள்ளி போட்டவரின் மெசின் லாச்சிக்குள் போய்விடும், கணக்கில் மட்டும் அது வெற்றியாக இருக்கும்.

கூட்டாளியின் அம்மா கூட்டிக்கொண்டு போனா. குடுமி எடுத்து, புது அச்சுக்கு அளவெடுத்து, மூன்று கிழமையில் அச்சு வந்தது. அதுக்குப் பிறகு ஒன்றரை மாதம் கழித்துப் போய், அதே ஏழு கேள்வியையும் கேட்டோம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் போடுகிறாவாம், அதைப் பக்கத்து வீட்டு அக்காவும் உறுதிப்படுத்தினா. ஆனால் மகள் சட்டி கழுவுகிற சத்தம் மண்டையில் அடிக்கிறதாம். கோயில் ஒலிபெருக்கி தொடங்கினால் கழற்றிவிடுகிறாவாம். தன்னைப் பற்றி வீட்டில் என்ன கதைக்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதாம், அது அவ்வளவு நல்லதாக இல்லையாம். கரைச்சலுக்குப் பிரயோசனமோ என்ற கேள்விக்கு ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கினா. மொத்தம் 35க்கு 24.

கனடாவில் இருந்து சின்னமகள், அம்மா இப்ப ஒரே குறை சொல்லுறா, மெசின் பழுதாப் போச்சோ, வேறை ஒண்டு அனுப்பட்டோ என்று வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறா. வேண்டாம், பற்றரி மட்டும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறோம். படலைச் சத்தம் இன்னும் வடிவாகக் கேட்கவில்லை. கொளுக்கியைக் கழற்றிவிட்டு மணி ஒன்று கட்டுவோமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள், வாற மாதம் மெசினையும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டவேணும்.